உடன் வருபவர்

அந்த வாரம் அவள் ஓரமாகத் தள்ளிய மூன்றாவது பாலிசி அது.

"இதுக்கு என்ன குறை?" என்று கேட்டார் மாஸ்டர். சாப்பாட்டு மேசையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, கையிலிருந்த துண்டுக் கயிற்றில் முடிச்சுப் போடுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

"கரையிலேர்ந்து ரொம்ப தூரம் போனா செல்லாது. கரை கண்ணுக்குத் தெரியற வரைக்கும்தான் நீங்க இவங்களுக்கு உயிரோட இருக்கீங்க."

"நாங்க போற வழியில பாதிக்கு மேல கரையே தெரியாதே."

"அதான் சொல்றேன்."

"நேத்து பார்த்தது?"

"அதுல பயணின்னா டிக்கெட் வாங்கிட்டுச் சும்மா உக்காந்து வர்றவங்க. கயிறு இழுக்கிறவங்க, சுக்கான் பிடிக்கிறவங்க எல்லாம் பயணி கிடையாது. கை உடைஞ்சு போய் நின்னா, 'நீங்க ஏன் சார் கயித்தைத் தொட்டீங்க'ன்னு கேப்பாங்க."

"கயித்தைத் தொடாம பாய்மரப் படகு எப்படிப் போகும்?"

"அது அவங்க கவலை இல்ல."

மாஸ்டர் சிரித்தார். "இதெல்லாம் அவங்க கேக்கறாங்களா, நீ கேக்கறியா?"

அவள் தாளை மடித்தாள்.

மாஸ்டர் என்றுதான் ஊரே அவரைக் கூப்பிடும். ஓட்டுபவருக்கு ஒன்று, சொல்லித்தருபவருக்கு ஒன்று என்று இரட்டை பிரேக் வைத்த சின்னக் காரில், நடுங்குகிற கைகளுக்கெல்லாம் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தே தலை நரைத்தவர். இந்த வருஷம்தான் டிரைவிங் ஸ்கூலைப் பழைய மாணவர் ஒருவரிடம் ஒப்படைத்தார். அவர் மனைவியான அவளுக்குக் காப்பீட்டு நிறுவனத்தில், கிளெய்ம் பிரிவில் வேலை. கூரை ஒழுகியது, கார் இடித்தது, பெட்டி தொலைந்தது என்று வருகிற விண்ணப்பங்களைப் படித்து, எது செல்லும், எது செல்லாது என்று சொல்ல வேண்டும். வீட்டில் அவளுக்கு 'ஷரத்து' என்று பேர். மகள் சின்ன வயதில் வைத்தது. ஐஸ்க்ரீம் வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, வீட்டுப்பாடம் முடித்திருந்தால், இருமல் இல்லாவிட்டால், மழை வராவிட்டால் என்று அடுக்குகிற அம்மாவுக்கு வேறென்ன பேர் வைப்பது.

ஆகவே, மாஸ்டரும் அவர் நண்பர் பேக்கரிக்காரரும் தங்கள் பாய்மரப் படகில் தீவுகளைச் சுற்றிவரக் கிளம்புகிறார்கள் என்று முடிவானபோது, பயணக் காப்பீட்டைத் தேர்ந்தெடுக்கும் வேலை இயல்பாகவே அவளிடம் வந்தது. "உன்னைவிட யாரு நல்லா பார்ப்பா" என்றார் மாஸ்டர். காப்பீட்டுத் தாள் இல்லாமல் துறைமுக அலுவலகத்தில் படகை விடமாட்டார்கள். மாதக் கடைசியில் காற்று திசை மாறிவிடும். அதற்குள் கிளம்பாவிட்டால் அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷம் பேக்கரிக்காரரின் முழங்கால் என்ன சொல்லுமோ தெரியாது.

இதெல்லாம் அவளுக்குத் தெரியும். அவள் கண்டுபிடித்த குறைகளும் பொய்யில்லை. ஆனால் ஒவ்வொரு குறை அகப்படும்போதும் உள்ளே ஒரு சின்ன நிம்மதி வந்து போனது. அந்த நிம்மதி அவளுக்கே பிடிக்கவில்லை.

அவரைப் போகவிடாமல் தடுக்கும் எண்ணம் அவளுக்குக் கிடையாது. போகட்டும். எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் அந்தப் படகுக்குப் போயிருக்கின்றன. உளுத்த பலகையைப் பிரித்து, தேய்த்து, வார்னிஷ் அடித்து, அந்த வாசனையைச் சட்டையில் சுமந்துகொண்டு சாயங்காலம் வீடு திரும்புவார். அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான். அதையும் வாய்விட்டுக் கேட்கவில்லை. "நீயும் வாயேன்" என்று அவர் ஒரு தடவை சொல்ல வேண்டும்.

அவர் சொல்லவில்லை.

முதன்முதலில் அவள் எடுத்துவந்த பாலிசி நன்றாகத்தான் இருந்தது. ஆழ்கடலுக்குச் செல்லும். கயிறு இழுப்பவரும் பயணிதான் என்று தெளிவாக எழுதியிருந்தது. காணாமல் போனால் ஹெலிகாப்டர் வைத்துத் தேடுவார்கள். நோய்வாய்ப்பட்டால் கரைக்குக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். படகை யாரும் தனியாக ஓட்டக் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை. ஆனால் அது இரண்டு பேருக்கான பாலிசி. பயணியின் பெயருக்குக் கீழே, 'உடன் வருபவர்' என்று இன்னொரு இடம் இருந்தது. அந்த உடன் வருபவர் வழியில் எந்தத் துறைமுகத்திலும் வந்து சேர்ந்துகொள்ளலாமாம். சேருகிற நாளிலிருந்து அவருக்கும் காப்பு உண்டாம்.

"பேக்கரி அண்ணன் பேரைப் போட்டுடலாமா?" என்று கேட்டிருந்தாள்.

"வேணாம். அவனோடதை அவன் அத்தை பையன் எடுத்துக் குடுத்துட்டான்."

"அப்போ இது எதுக்கு? ஒருத்தர் போறதுக்கு ரெண்டு பேர் பாலிசி."

சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். கிளெய்ம் பிரிவில் அவள் கற்றுக்கொண்ட பழக்கம் அது. கேள்வியை வைத்துவிட்டுக் காத்திருப்பது. மாஸ்டர் கயிற்று முடிச்சை அவிழ்த்தார். மறுபடி போட்டார். "நீ சொன்னா சரிதான்" என்றார். அவள் அந்தத் தாளை அலமாரியில் பழைய செய்தித்தாள்களின் மேல் வைத்தாள்.

அவர் கேட்காததற்குக் காரணம் இருந்தது. கல்யாணமான புதிதில் அவளை விரிகுடாவின் அக்கரைக்கு ஃபெர்ரியில் கூட்டிக்கொண்டு போனார். அவர் முன்பக்கத்தில் தலைமுடி பறக்க நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அவள் நடுவிலிருந்த இரும்புக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, வயிற்றில் இருந்ததையெல்லாம் வெளியே அனுப்பிக்கொண்டிருந்தாள். புதுப் புடவை, புதுக் கணவன், சுற்றிலும் ஆட்கள். அக்கரையில் இறங்கியதும் அவர் கைக்குட்டையை நனைத்து அவள் முகத்தைத் துடைத்துவிட்டார். "செத்தாலும் இனிமே தண்ணி மேல கால் வைக்க மாட்டேன்" என்றாள் அவள். திரும்பி வரும்போது சுற்று வழியில், பஸ்ஸில், பாதி நாள் உட்கார்ந்து வந்தார்கள். அவர் முணுமுணுக்கவில்லை. அதற்குப் பிறகு படகு என்ற பேச்சில் அவளைச் சேர்த்ததும் இல்லை.

அந்தப் பயம் எப்போது போனது என்று அவளுக்கே தெரியாது. மகளுக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது போயிருக்கலாம். அம்மாவைக் கடைசியாகப் பார்க்க ஓடியபோது போயிருக்கலாம். பெரிய பயங்கள் வந்து நின்றபோது இந்தச் சின்னப் பயம் எழுந்து இடம் விட்டுவிட்டுப் போய்விட்டது. போகும்போது அது யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. அவளும் சொல்லவில்லை. இப்போது ஆபீசில் சாப்பாட்டு வேளையில், கம்ப்யூட்டரில் அந்தத் தீவுகளின் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் போகப்போகிற வழியில் விரலை ஓட்டுகிறாள். எந்தத் தீவில் விடிகாலையில் படகு நிற்கும், அப்போது அவர் எந்தப் பக்கம் உட்கார்ந்து டீ குடிப்பார், எதிரில் யார் உட்கார்ந்திருப்பார்கள். பேக்கரி அண்ணன்தான். அந்த நல்ல மனிதர் மேல் அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். புதன்கிழமை போன் செய்தாள்.

"அம்மா, நீ பாலிசி தேடறியா, இல்ல அப்பாவைக் கட்டிப்போடக் கயிறு தேடறியா?"

"உங்கப்பா சொன்னாரா?"

"அவர் எங்க சொல்வாரு. பேக்கரி மாமா புலம்பினாரு. 'உங்கம்மா ஒரு பாலிசியையும் பாஸ் பண்ண மாட்டேங்குது, நாங்க கிழவனாகி அப்படியே பட்டறையில படகோட மக்கிப் போயிடுவோம் போல'ன்னு."

"ஓட்டைப் பாலிசி எடுத்துக் குடுத்து அனுப்பச் சொல்றியா?"

"நீயும் கூடப் போயேன்மா. போய் அங்க உக்காந்து ஓட்டையெல்லாம் அடை."

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள். அப்புறம், "என்னை யாரு கூப்பிட்டா?" என்றாள்.

"நீ கேளு."

"கேட்டு வாங்கறதுக்கு அது என்ன கிளெய்மா?"

"ஷரத்தும்மா," என்றாள் மகள் மெதுவாக, "நீ தேறவே மாட்டே."

வெள்ளிக்கிழமை மேனேஜரம்மா அவள் மேசைக்கு வந்தாள். அவளைவிடச் சின்னவள், ஆனாலும் அதிகாரி. முன்னால் கிடந்த பயணக் காப்பீட்டுத் தாள்களைப் பார்த்துவிட்டு, "இன்னுமா முடியலை? மாஸ்டர் பாவம்" என்றாள்.

"உங்களுக்கு அவரைத் தெரியுமா?"

"என்ன இப்படிக் கேக்கறீங்க. எனக்கு வண்டி கத்துக் குடுத்ததே அவர்தானே. ஒரு தடவை மழையில வண்டி சறுக்கி, நான் ஸ்டியரிங்கைப் பார்த்தாலே வேர்க்கிற நிலைமைல இருந்தேன். வீட்டுக்காரர் போய் அவர்கிட்ட சொல்லியிருக்காரு. மறுநாள் காலையில வாசல்ல கார் நிக்குது. இவரு பக்கத்து சீட்ல உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருக்காரு. ஓட்டுற பக்கக் கதவு மட்டும் திறந்திருக்கு."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. கிளாஸ் நேரம் முடிஞ்சதும் கதவைச் சாத்திட்டுக் கிளம்பிட்டாரு. மறுநாளும் அதே மாதிரி. நான் ஜன்னல் திரைக்குப் பின்னால நின்னு பார்ப்பேன். 'வாங்கம்மா'ன்னு ஒரு வார்த்தை சொல்லலை மனுஷன். எனக்குக் கோவம் வந்துடுச்சு. இப்படிக்கூட ஒரு வாத்தியாரான்னு கேக்கலாம்னு போனேன். போனவ அப்படியே உக்காந்துட்டேன்." மேனேஜரம்மா சிரித்தாள். "ஏன் சார் கூப்பிடவே இல்லைன்னு பின்னால ஒரு நாள் கேட்டேன். 'கூப்பிட்டா நீங்க வருவீங்கம்மா. உங்க பயமும் கூடவே வந்து உக்காரும். எனக்கு ரெண்டு பேருக்குக் கத்துக் குடுக்கத் தெரியாது'ன்னாரு."

மேனேஜரம்மா போன பிறகும் அவள் பேனாவைத் திறந்தபடியே பிடித்திருந்தாள். எதிரே இருந்த விண்ணப்பத்தில் யாருடைய பெட்டியோ தொலைந்திருந்தது. ஒரே வரியை மறுபடி மறுபடி படித்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வழக்கம் என்று அவள் நினைத்ததில்லை. அவருடைய அசட்டுத்தனம் என்றுதான் நினைத்திருந்தாள். மாஸ்டர் கருவிப் பெட்டியைக் காரின் பின்னால் வைப்பார். முன்பக்கம், தன் பக்கத்து இருக்கையின் கதவைத் திறந்து அதன் மேல் கிடக்கும் துணி, தாள் எதையாவது எடுத்துப் பின்னால் போடுவார். சுற்றிவந்து ஓட்டும் இடத்தில் உட்காருவார். கதவு திறந்தே கிடக்கும். பின்னால் வரும் வண்டியைப் பார்க்கும் கண்ணாடியைச் சரிசெய்வார். நன்றாக இருக்கும் கண்ணாடியை இன்னொரு தடவை சரிசெய்வார். அவள் டீ ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வந்து, அந்தக் கதவு வழியாகவே நீட்டி, "ஒரு கதவைச் சாத்தத் தெரியலை, இவரு ஊருக்கெல்லாம் மாஸ்டர்" என்று சொல்லி, பட்டென்று சாத்திவிட்டு உள்ளே போய்விடுவாள். அவர் கிளம்பிவிடுவார். வாரா வாரம் இதுதான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஃபிளாஸ்க்கோடு வந்தவள் கதவருகில் நின்றுவிட்டாள்.

இருக்கை காலியாக, தூசி தட்டப்பட்டு இருந்தது. அவர் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவள் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு அவர் படும் பாட்டை அவள் முதல் தடவையாகப் பார்த்தாள்.

ஆனால் அவள் கிளெய்ம் பிரிவுக்காரி. திறந்த கதவு சாட்சி ஆகாது. மறதியும் கதவைத் திறந்து வைக்கும்.

"படகை ஒரு தடவை நேர்ல பார்க்கணும்" என்றாள். "பொருளைப் பார்க்காம நாங்க எதுலயும் முடிவு எடுக்கிறதில்ல."

"பாரேன்" என்றார் அவர்.

அவள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். உள்ளேயிருந்து சாத்தும்போது அந்தக் கதவுக்கு வேறு சத்தம். மாஸ்டர் சாவியைத் திருப்ப ஒரு நிமிஷம் ஆயிற்று. எத்தனையோ பேருக்குக் கற்றுக்கொடுத்தவர், கியர் போடாமலே ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். வண்டி நின்ற இடத்திலேயே உறுமியது.

"முதல்ல கியரைப் போடுங்க மாஸ்டர்" என்றாள்.

படகுப் பட்டறை துறைமுகத்தின் பின்பக்கம், தகரக் கூரையின் கீழ் இருந்தது. படகு இப்போது தண்ணீரில் இறங்கி, பலகைத் துறையில் கட்டிக் கிடந்தது. அவள் நினைத்ததைவிடச் சின்னது. பேக்கரிக்காரர் மேல்தளத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து பித்தளையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நெடு நெடுவென்று வளர்ந்த மனிதர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். விடிவதற்கு முன் எழுந்து மாவு பிசைகிறவனோடு எந்தப் பெண் குடும்பம் நடத்துவாள் என்று தானே கேட்டுக்கொள்வார்.

அவளைப் பார்த்ததும் துணியைக் கீழே வைத்தார். "என்ன தங்கச்சி, சோதனை போட வந்தியா? யோவ் மாஸ்டர், படகுல ஏதாவது ஓட்டை இருந்தா இப்பவே சொல்லிடு. தங்கச்சி கண்டுபிடிச்சா கேஸ் ஆயிடும்."

"நகருங்கண்ணா, வழி விடுங்க" என்றாள்.

பலகைத் துறைக்கும் படகுக்கும் நடுவே ஒரு முழம் தண்ணீர், மேலும் கீழுமாக அசைந்துகொண்டிருந்தது. மாஸ்டர் ஏற்கெனவே படகுக்குள் இறங்கி நின்றிருந்தார். கை நீட்டவில்லை. இரண்டு கையையும் பக்கத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, பாய்மரத்தின் உச்சியில் ஏதோ இருப்பதுபோல அங்கே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் புடவையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு தானாகவே கால் வைத்தாள். படகு அவள் எடையை வாங்கிக் குனிந்தது.

உள்ளே இறங்கினாள். பழக்கம் போகுமா, கண் தானாகவே கணக்கெடுத்தது. தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, வயர்லெஸ் கருவி. அடுப்பு ஆடாமல் இருக்கத் தடுப்பு. படுக்கை இரண்டு, இரண்டு பக்கமும். ஓடும் படகில் பிடித்துக்கொண்டு நடக்க, தலைக்கு மேலே நீளமாக ஒரு மரக் கைப்பிடி. அதைப் பிடிக்க அவள் கையைத் தூக்கினாள். எட்டவில்லை. நுனிவிரலில் நின்றும் எட்டவில்லை.

நெட்டையர்கள் இரண்டு பேருக்கு வைத்தது, எனக்கு எப்படி எட்டும் என்று கையை இறக்கினாள். இறக்கிய கை எதன் மேலோ பட்டு நின்றது.

அங்கே இன்னொரு கைப்பிடி இருந்தது. மேலே இருந்ததைப் போலவே நீளமானது. கீழே, சுவரோடு ஒட்டி. அவளுடைய இடுப்பு உயரம். அதைப் பிடித்தபடி ஓர் அடி நடந்தாள். படிக்கட்டிலிருந்து அடுப்பு வரைக்கும் போனது. அடுப்பிலிருந்து இடது பக்கப் படுக்கை வரைக்கும் போனது. கூர்மை இல்லாமல், கை வழுக்காமல், தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தார்கள். மேல் கைப்பிடி புது வார்னிஷில் பளபளத்தது. இதன் வார்னிஷ் பழசு; மங்கிப் போயிருந்தது. இதைத்தான் முதலில் வைத்திருக்கிறார்கள்.

இரட்டை பிரேக் வைத்த காரை ஓட்டியவர். அவர் வண்டியில் எல்லாமே இரண்டு பேருக்குத்தான் இருக்கும்.

"அண்ணா," என்று மேலே பார்த்துக் கூப்பிட்டாள். குரல் சாதாரணமாக வரவேண்டும் என்று முயன்றாள். "இந்தக் கீழ்க் கைப்பிடி யாருக்கு?"

பேக்கரிக்காரரின் முகம் வாசலில் தெரிந்தது. "அதையா கேக்கறே. அதுல என் இடுப்பு எத்தனை தடவை இடிச்சிருக்கு தெரியுமா. எடுத்துடுய்யான்னா கேக்க மாட்டான். போகட்டும், நான்தான் பாதியில இறங்கிடப் போறேனே, அப்புறம் யார் இடுப்பை வேணா இடிக்கட்டும்."

"பாதியிலயா?"

"முதல் தீவு வரைக்கும்தான் நான். பெருங்கடலைத் தாண்டி விட்டுட்டு பிளேன் ஏறிடுவேன். அடுப்பை அவ்வளவு நாள் அணைச்சுப் போட்டா வாடிக்கைக்காரங்க வேற கடைக்குப் போயிடுவாங்க தங்கச்சி. இவன் சொல்லலையா?"

மாஸ்டர் படிக்கட்டில் இறங்கி வந்தார். பேக்கரிக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பித்தளை காயுது" என்று சொல்லிவிட்டு முகத்தை எடுத்துக்கொண்டார். பித்தளை எப்படிக் காயும் என்று இருவரும் கேட்கவில்லை.

அவள் கீழ்க் கைப்பிடியை விடாமல் நின்றாள்.

"முதல் தீவுக்கு அப்புறம் படகுல யாரு?"

"நான்."

"தனியாவா? தனியா ஓட்டினா உலகத்துல எந்தப் பாலிசியும் செல்லாது. தெரியுமா உங்களுக்கு?"

"தனியா ஓட்டப் போறேன்னு நான் எங்க சொன்னேன்?"

அடியில் தண்ணீர் பலகையைத் தட்டிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கோபம் வந்தது. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளின் கோபம், எல்லாம் ஒன்றாக வந்தது.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா நீ வந்திருப்பே."

"அதுல என்ன தப்பு?"

"எனக்காக வந்திருப்பே. அன்னிக்கு அந்தக் கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னியே, அதே முகத்தோட. அந்த முகத்தை நான் இன்னொரு தடவை பார்க்கறதுக்கில்ல." அவர் கைப்பிடியின் மறுமுனையைப் பிடித்தார், அது அவருக்குக் குனிய வேண்டிய உயரம். "நீயா வருவேன்னு பார்த்தேன். கதவைத் திறந்து வெச்சுட்டுப் பார்த்தேன். நீ வருவே, டீயைக் குடுப்பே, சாத்திட்டுப் போயிடுவே. சரி, இன்னும் பயம் போகலைன்னு நினைச்சுக்குவேன்."

"எனக்குக் கதவைத் திறந்து வெச்சா புரியாதுங்க. எனக்கு எழுதிக் குடுக்கணும், இல்லைன்னா வாயைத் திறந்து சொல்லணும். சொல்லாதது எதுவும் எங்க ஆபீஸ்ல செல்லாது. நீங்க கூப்பிடலைன்னா எனக்கு இடம் இல்லைன்னுதானே நான் எடுத்துக்குவேன்."

"அந்த ரெண்டு பேர் பாலிசியை நீதானே வேணாம்னு தள்ளினே?"

"நீங்க வேணும்னு சொல்வீங்கன்னுதான் தள்ளினேன்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு அந்தச் சின்ன அறைக்குள் தலை இடிக்காமல் சிரிக்கப் பார்த்து, முடியாமல், படிக்கட்டுக்கு மேலிருந்த தாழ்ந்த பலகையில் நன்றாக இடித்துக்கொண்டார்.

"அடி பட்டதுக்கெல்லாம் கிளெய்ம் கிடையாது" என்றாள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னும் பாலிசியே எடுக்கலை."

அன்று சாயங்காலம் பழைய செய்தித்தாள்களின் மேலிருந்து அந்த முதல் பாலிசியை எடுத்தாள். எல்லாப் பக்கத்தையும் மறுபடி படித்தாள். குறை தேடித்தான் படித்தாள். படகு ஆட்டத்தில் வரும் குமட்டலுக்கு மருந்துச் செலவு தரமாட்டார்கள் என்பதைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. அதை அவரிடம் வாசித்தும் காட்டினாள்.

"பாஸா?" என்றார்.

"பாஸ்."

உடனே சேர்ந்து கிளம்ப வழி இல்லை. படகில் இரண்டு படுக்கைதான். கடலின் பெரிய பகுதியைத் தாண்டக் கயிறு தெரிந்த இரண்டு பேர் வேண்டும். ஆபீசிலும் வருஷக் கணக்கு முடிகிறவரை அவளுக்கு லீவு கிடையாது. பேக்கரிக்காரர் இறங்குகிற தீவில், அவர் இறங்கிய பிறகு அவள் ஏறுவாள். அங்கிருந்து தீவுக்குத் தீவு, கரை கண்ணில் தெரிகிற தூரம்தான். பயணியின் பெயருக்குக் கீழே, உடன் வருபவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். இத்தனை வருஷம் மற்றவர்கள் எழுதியதைப் படித்தே பழகிய கைக்கு அது நேராக வரவில்லை. கடைசி எழுத்து கட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

மாதக் கடைசிக்கு முன்பே காற்று நல்லபடியாக அமைந்தது. கிளம்பும் நாளில் பேக்கரிக்காரர் ஒரு கூடை நிறைய ரொட்டியோடு வந்தார். "தங்கச்சி, உன் படுக்கையை நான் சூடாக்கி வைக்கறேன்" என்றவர், "தப்பா எடுத்துக்காதே, ரொட்டிக்காரன் பேச்சு" என்று தானே சேர்த்துக்கொண்டார். மாஸ்டர் பலகைத் துறையில் அவள் எதிரே நின்றார். சொல்வதற்கு எதையோ தேடினார். எப்போதும் சொல்லாமலே காரியம் நடத்தியவருக்கு வார்த்தை சட்டென்று கிடைக்கவில்லை.

"வந்துடு" என்றார் கடைசியில். "கூப்பிடறேன். வாயைத் திறந்து கூப்பிடறேன். வந்துடு."

"எழுத்துல இருக்கு" என்றாள் அவள். "வராம இருக்க முடியாது."

பாய் காற்றை வாங்கியதும் படகு ஒரு பக்கம் சாய்ந்து, துறைமுகத்தின் வாயைத் தாண்டிப் போனது. சின்னதாகி, இன்னும் சின்னதாகி, வெள்ளைத் துணி ஒன்று காய்வது போல ஆகி, பிறகு கண் அதுதானா என்று சந்தேகப்பட ஆரம்பித்தது. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். அவருக்குக் காப்பு அன்றைக்கே தொடங்கிவிட்டது. அவளுக்கு அந்தத் தீவில் கால் வைக்கும் நாளிலிருந்துதான். அதுவரை தாள் கணக்கில் அவளுக்கு எந்தக் காப்பும் கிடையாது. எது வந்தாலும் தாங்கிக்கொள்ள வேண்டியதுதான். வீட்டுக்குப் போனால் சாப்பாட்டு மேசையில் ஒரு துண்டுக் கயிறு முடிச்சோடு கிடந்தது. அவிழ்க்க மனம் வரவில்லை.

மறுநாளிலிருந்து ஆபீஸ் விட்டதும் அவள் ஃபெர்ரித் துறைக்குப் போக ஆரம்பித்தாள். விரிகுடாவைத் தாண்டி அக்கரை போய்த் திரும்பி வரும் அதே ஃபெர்ரி. இப்போது வேறு படகு, ஆனால் நடுவில் அதே மாதிரி ஓர் இரும்புக் கம்பம். முதல் நாள் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பாதி வழியில் வயிறு தன் வேலையைக் காட்டியது. கைக்குட்டையைத் தானே நனைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த நாள் கொஞ்சம் பரவாயில்லை. அதற்கடுத்த நாள் மோசம்.

டிக்கெட் கொடுப்பவர் அவளை அடையாளம் வைத்துக்கொண்டார்.

"அக்கரையில யாரும்மா இருக்காங்க, தினமும் போறீங்க?"

"அங்க யாரும் இல்லைங்க."

"பின்ன எங்க இறங்கணும்?"

"இறங்கறதுக்கு இல்ல. சும்மா பழகிக்கறேன்."

அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். ஃபெர்ரி துறையை விட்டு நகர்ந்தது. நடுவழியில், இரண்டு மலைகளுக்கு நடுவே, விரிகுடா பெருங்கடலைப் பார்த்துத் திறக்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே வரும்போது காற்று மாறும். படகு ஆடும். அந்தத் திறப்பின் வழியே வெறும் தண்ணீரும் வெளிச்சமும்தான் தெரியும், வேறொன்றும் தெரியாது.

அந்த இடம் வந்ததும் அவள் கம்பத்திலிருந்து ஒரு கையை எடுத்தாள். சற்றுப் பொறுத்து மறு கையையும் எடுத்தாள். இடுப்பு உயரத்தில், காற்றில், ஒரு கைப்பிடி இருப்பதுபோல விரல்களை மடக்கிக்கொண்டு, ஆடாமல் நிற்கப் பார்த்தாள்.